குஸ்கோ போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருவுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள், குஸ்கோவுக்கு ஒரு ராத்திரி, மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள் ஒதுக்கியிருப்பார்கள். லிமாவிலிருந்து விமானம், ஹோட்டலில் தூக்கம், விடிந்ததும் மச்சு பிச்சுவுக்கு ரயில். முதல் தவறு இதுதான், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்டிஸ் மலைப் பகுதியை ஆண்ட இன்காக்களின் தலைநகரம் குஸ்கோ. 1983ல் யுனெஸ்கோ மச்சு பிச்சுவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த ஊரையும் தனியாகச் சேர்த்தது. மச்சு பிச்சுவில் இன்று யாரும் வாழவில்லை, குஸ்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறது. அருங்காட்சியகச் சுவரில் பழைய ஓவியமாகத் தொங்கும் திருவிழாவை அதே ஊர்த் தெருவில் இன்றும் நேரில் பார்க்கலாம், அந்தத் திருவிழாவுக்கான உருவங்களைச் செய்கிறவர்களின் பட்டறைகள் பத்து நிமிட நடையில் இருக்கின்றன. இதை ஒன்றரை நாளில் பார்க்க முடியாது. நான்கு நாளாவது வையுங்கள்.

அடுத்தது உயரம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லிமாவோ கடற்கரை ஊர். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதற்குள் உடம்பு பழகாது. வந்து இறங்கிய அன்றே சாக்சய்வாமான் கோட்டைக்கு ஏறுவது, கைவினைக் கலைஞர்களின் பகுதியான சான் பிளாஸின் படிக்கட்டுகளில் கடை கடையாக அலைவது, இரண்டுமே மறுநாள் தலைவலியில் முடியலாம். முதல் நாளுக்கு அருங்காட்சியகங்கள்தான் சரி: ஊரின் நடுவில் உள்ள பிளாசா தெ ஆர்மாஸ் சதுக்கத்தைச் சுற்றியே பல இருக்கின்றன, மெதுவாக நடக்கலாம், உட்காரலாம்.

சரி, அருங்காட்சியகம் என்றதும் டிக்கெட் குழப்பம் வந்துவிடும். 'போலெத்தோ துரிஸ்டிக்கோ' என்று ஒரு பொது டிக்கெட் விற்கிறார்கள், வெளிநாட்டவருக்குப் பல ஆண்டுகளாக 130 சோல் (பெருவின் நாணயம்), பத்து நாள் செல்லும், 16 இடங்கள். இதை வாங்கிவிட்டால் எல்லாமே பார்க்கலாம் என்று நினைத்துப் பேராலயத்தின் வாசலில் போய் நிற்பவர்கள் ஏராளம். பேராலயம் இதில் இல்லை. கொரிகாஞ்சா சூரியக் கோயிலும் இல்லை. அந்தக் கோயிலின் மீது எழுப்பிய சாந்தோ தொமிங்கோ மடத்துக்குத் தனிக் கட்டணம், பக்கத்தில் தரைக்கடியில் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் இந்த டிக்கெட் செல்லும், பெயர் ஒன்றுபோல இருப்பதால் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தேவாலயங்களுக்கு மறைமாவட்டம் தரும் தனி டிக்கெட் உண்டு, பேராலயம், சான் பிளாஸ், சான் கிறிஸ்தோபல் ஆலயங்களோடு பேராயர் மாளிகையும் அதில் சேரும். பொது டிக்கெட்டை வாங்கியவர்கள் அதில் இருக்கும் இரண்டு நல்ல விஷயங்களைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, எல் சோல் அவென்யூவில் இருக்கும் நாட்டார் கலை அருங்காட்சியகம். ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் பரிசு வாங்கிய கைவினைப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. கடைக்குப் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டால் நல்ல வேலை எது, சுமாரான வேலை எது என்று கண்ணுக்குப் பிடிபடும். இன்னொன்று, 1924ல் தொடங்கிய சென்ட்ரோ கோஸ்கோ கலைக்குழு நடத்தும் மாலை நேர நாட்டிய நிகழ்ச்சி.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு ஒன்று உண்டு. ஹாதுன் ருமியோக் என்ற குறுகிய தெருவில் பன்னிரண்டு மூலைக் கல் இருக்கிறது, சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் பக்கத்துக் கற்களோடு கச்சிதமாகப் பொருந்தி நிற்கும் இன்கா வேலை. நாள் முழுக்க அதன் முன்னால் கூட்டம், படம் எடுக்க வரிசை. (அதைத் தொடவே கூடாது. 2025 பிப்ரவரியில் ஒருவன் சுத்தியலால் அடித்து அதைச் சேதப்படுத்திவிட்டான்.) படம் எடுத்ததும் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் யாருடையது? இன்கா ரோக்கா என்ற மன்னரின் அரண்மனைச் சுவர், இப்போது அதன் மேல் நிற்பது பேராயர் மாளிகை, உள்ளே சமயக் கலை அருங்காட்சியகம். அங்கே 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரைந்த திருவுடல் பெருவிழா (கார்பஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்க விழா) ஓவியங்கள் இருக்கின்றன. குஸ்கோவின் சாந்தா ஆனா ஆலயத்துக்காக வரைந்த வரிசை இது, சில ஓவியங்கள் சிலிக்குப் போய்விட்டன, பெரும்பகுதி இங்கேதான். ஒவ்வொரு பங்கின் புனிதரும் சப்பரத்தில் வருகிறார், முன்னால் இன்கா பிரபுக்கள் தங்கள் மரபுடையில், தலையில் இன்கா மகுடத்தோடு நடக்கிறார்கள். ஸ்பானியர் ஆட்சிக்கு வந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் தாங்கள் யார் என்பதை அவர்கள் ஊரறியக் காட்டிக்கொண்ட விதம் அது. அந்தப் பவனி இன்றும் நடக்கிறது. வெளியே கல்லுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால், உள்ளே இந்த ஓவியங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பேராலயத்திலும் இதே கதைதான். மார்கோஸ் சப்பாத்தா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில் இயேசுவின் முன்னால் தட்டில் கினிப்பன்றி கிடக்கும், ஆண்டிஸ் மக்களின் விருந்துச் சாப்பாடு அது. அதை மட்டும் தேடி ஓடி, பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். குஸ்கோ ஓவிய மரபு அந்த ஒரு தட்டோடு முடிவதில்லை. 1688ல் இங்கிருந்த பழங்குடி ஓவியர்கள் ஸ்பானிய ஓவியர்களின் சங்கத்திலிருந்து பிரிந்து வந்தார்கள், அதற்குப் பிறகு துப்பாக்கி ஏந்திய வானதூதர்கள், தங்கப் பூவேலை போட்ட ஆடைகள், மலை வடிவத்தில் விரியும் மாதாவின் உடை என்று ஐரோப்பாவில் இல்லாத ஒரு பாணி வளர்ந்தது. அதே பேராலயத்தில் 1650 நிலநடுக்கத்தைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்றும் இருக்கிறது, வீடுகள் இடிந்து தீப்பிடிக்க, சதுக்கத்தில் மக்கள் சிலுவையில் அறைந்த இயேசுவின் சுரூபத்தைச் சுமந்து வருகிறார்கள். நிலநடுக்கங்களின் ஆண்டவர் என்று அழைக்கப்படும் அந்தச் சுரூபமும் அங்கேதான் இருக்கிறது, பல நூற்றாண்டு மெழுகுவர்த்திப் புகையில் கறுத்துப்போய். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசா கொன்ச்சா என்ற மாளிகையில் அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் மச்சு பிச்சுவிலிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போன பொருட்கள் இருக்கின்றன, பெரு நீண்ட காலம் போராடி 2011, 2012ல் திரும்பப் பெற்றவை. மச்சு பிச்சுவுக்குப் போகும் முன் இதைப் பார்த்தால் அங்கே கற்களுக்கு நடுவில் நிற்கும்போது புரிதலே வேறு மாதிரி இருக்கும். நசரேனாஸ் சதுக்கத்தில் 2003ல் திறந்த கொலம்பஸுக்கு முந்தைய கலை அருங்காட்சியகம், இன்காக்களுக்கு முன்பு வாழ்ந்த மோச்சே, நாஸ்கா மக்களின் மண்பாண்டங்களைத் தொல்பொருளாக அல்லாமல் கலைப்படைப்பாக வைத்துக் காட்டுகிறது. பெரு என்றாலே இன்கா மட்டும் என்ற எண்ணம் அங்கே கலைந்துவிடும்.

இப்போது துணிக்கு வருவோம், பணமும் ஏமாற்றமும் அதிகம் புழங்குவது இங்கேதான். குஸ்கோ முழுக்க 'அல்பாக்கா' (லாமா இனத்தைச் சேர்ந்த மலை விலங்கின் ரோமம்) என்று சொல்லி விற்கும் ஸ்வெட்டர்களிலும் சால்வைகளிலும் நிறைய அக்ரிலிக், அல்லது கலப்படம். தெருவோரத்தில் கொள்ளை மலிவாகக் கொடுத்தால் அது அல்பாக்கா இல்லை, அவ்வளவுதான். வண்ணமாக இருக்கிறது, பிடித்திருக்கிறது என்று வாங்கினால் தப்பே இல்லை, ஆனால் அல்பாக்கா விலை கொடுத்து வாங்காதீர்கள். கைத்தறித் துணியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆண்டிஸ் நெசவாளர்கள் இடுப்பில் வார் கட்டி நெய்யும் தறியில் ஒவ்வொரு துணியையும் அதன் முழு அளவுக்கே நெய்து எடுப்பார்கள், கத்தரிக்கோல் போடுவதில்லை. அதனால் நான்கு பக்கமும் நெய்த கரையாகவே இருக்கும். பெண்கள் தோளில் போர்த்தும் லிக்லியா என்ற துணி இப்படி நெய்த இரண்டு பாகங்களை நடுவில் கையால் தைத்துச் சேர்த்தது. வெட்டி மடித்து மிஷினில் தைத்த ஓரம் தெரிந்தால் அது பெரிய சுருளிலிருந்து வந்த ஆலைத் துணியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே வாங்குவது என்று கேட்டால், முதலில் எல் சோல் அவென்யூவில் கொரிகாஞ்சாவுக்கு அருகே இருக்கும் குஸ்கோ மரபு நெசவு மையத்துக்குப் போங்கள். சின்சேரோ கிராமத்தைச் சேர்ந்த நெசவாளர் நில்டா கயாஞாவ்பா 1996ல் தொடங்கியது, பத்து மலைக் கிராமங்களின் நெசவாளர்கள் இதில் இருக்கிறார்கள். உள்ளே சிறிய அருங்காட்சியகமும் உண்டு, நெசவாளர்கள் அங்கேயே உட்கார்ந்து நெய்வதைப் பார்க்கலாம், நெய்தவரின் பெயர் துணியிலேயே இருக்கும். விலை சந்தையைவிடக் கூடுதல். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், நூற்பது, சாயம் தோய்ப்பது, நெய்வது எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல துணிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நம் ஆட்களுக்குப் பேரம் கைவந்த கலை, குஸ்கோ சந்தையிலும் பேரம் உண்டு, ஆனால் நெய்தவரே எதிரில் உட்கார்ந்து விற்கும்போது பாதி விலைக்குக் கேட்பது அவருடைய உழைப்பை மதிக்காத செயல்.

சின்சேரோ கிராமத்தில் சாயம் போடும் செயல்விளக்கத்தையும் பஸ்ஸில் வந்து இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். நின்று கவனியுங்கள். சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கியதும் ரத்தச் சிவப்பு வரும், எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சுக்கு மாறும், உப்பு வகைகள் சேர்த்தால் இன்னும் பல நிறங்கள். (இதே சாயத்துக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுப் பார்த்தார்.)

சான் பிளாஸ் பகுதியில் செய்யும் தவறு, கடைகளில் மட்டும் நுழைந்து பட்டறைகளை விட்டுவிடுவது. இலாரியோ மெந்தீவில் 1977ல் இறந்துவிட்டார், அவர் உருவாக்கிய நீண்ட கழுத்துப் புனிதர்களை அவர் குடும்பம் இன்றும் செய்கிறது. லாமாவின் கழுத்தைப் பார்த்து வந்த யோசனை அது என்பார்கள், பசையில் தோய்த்த துணியால் உடை மடிப்புகள் செய்வார்கள். எதில்பெர்த்தோ மெரிதாவின் களிமண் உருவங்கள் நேர் எதிர்: பெருத்த கை கால், வலியில் கோணிய முகம், உழைக்கும் மலைவாழ் மக்களின் முகம். டிசம்பர் 24ல் ஊரில் இருந்தால் சதுக்கத்தில் நடக்கும் சாந்துரான்டிகுய் சந்தையைத் தவறவிடாதீர்கள், குடிலுக்கான உருவங்களைக் கலைஞர்களே கொண்டுவந்து விற்பார்கள், மலைக் கிராமத்தவர்கள் குடிலில் பரப்பப் பாசியும் புல்லும் கொண்டுவருவார்கள். அந்த ஒரு நாளுக்காகவே பயணத்தைத் திட்டமிடலாம் என்பது என் கருத்து.

திருவிழா என்றதும் எல்லோரும் ஜூன் 24 இன்டி ராய்மியைத்தான் சொல்கிறார்கள். அது இன்காக்களின் சூரிய விழாதான், ஆனால் காலங்காலமாக அறுபடாமல் வந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஸ்பானியர் ஆட்சியில் தடை செய்யப்பட்டு, 1944ல் குஸ்கோக்காரர்கள் பழைய வரலாற்றுக் குறிப்புகளை வைத்து மீட்டெடுத்தார்கள், கெச்சுவா மொழியில் நடிக்கும் பெரிய நாடகம் என்று எடுத்துக்கொண்டு பாருங்கள், அழகாக இருக்கும். காலையில் கொரிகாஞ்சா, பிறகு பிளாசா தெ ஆர்மாஸ், மதியம் சாக்சய்வாமான். முதல் இரண்டு இடங்களில் காசு கொடுக்காமலே பார்க்கலாம், கோட்டையில் இருக்கைக்குத்தான் டிக்கெட். இது தெரியாமல் இடைத்தரகரிடம் பெருந்தொகை கொடுக்கிறார்கள். பகலில் மலை வெயில் தோலை உரிக்கும், இரவில் குளிர் எலும்பைத் தொடும், இரண்டுக்கும் உடை வேண்டும்.

அதைவிட ஊர்க்காரர்களின் மனதுக்கு நெருக்கமானது திருவுடல் பெருவிழா என்று நான் சொல்வேன். தேதி ஈஸ்டரைப் பொறுத்து மாறும், 2026ல் ஜூன் 4, 2027ல் மே 27, இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு. பதினைந்து புனிதர்களும் மாதாக்களும் தங்கள் ஆலயங்களிலிருந்து முந்தின நாளே பேராலயத்துக்கு வந்துவிடுவார்கள், புனித ஜெரோமும் புனித செபஸ்தியாரும் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து தோளில் வருவார்கள். மறுநாள் சதுக்கத்தைச் சுற்றிப் பவனி. விழா நாளைத் தவறவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் போனால் பேராலயத்துக்குள் எல்லோரையும் வரிசையாகப் பார்க்கலாம். படத்துக்காகச் சப்பரம் சுமப்பவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள், டன் கணக்கில் பாரம் அது. விழாச் சாப்பாடு சிரி உச்சு, ஆறிய நிலையில் சாப்பிடுவது: கினிப்பன்றி, கோழி, உலர்ந்த இறைச்சி, மீன் முட்டை, கடற்பாசி, வறுத்த சோளம், பாலாடைக்கட்டி. சைவக்காரர்கள் அதில் எதை ஒதுக்குவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின திங்கட்கிழமை அந்த நிலநடுக்கங்களின் ஆண்டவர் மேல் சிவப்பு ஞுக்சு பூக்களைத் தூவுகிறார்கள், ஜூலை நடுவில் பௌகர்தாம்போ என்ற சிற்றூரில் கார்மேல் மாதா விழா, முகமூடி ஆட்டக்காரர்கள் கூரைகளில் ஏறி நிற்பார்கள். அங்கே தங்கும் இடம் மிகக் குறைவு, முன்பே ஏற்பாடு இல்லாமல் போகாதீர்கள். கோய்லூர் ரித்தி என்ற பனிமலை யாத்திரையைச் சுற்றுலாவாக நினைத்துக் கிளம்புவது இன்னும் ஆபத்தானது, சினாக்காரா பள்ளத்தாக்கு 4,600 மீட்டருக்கு மேல், உறைய வைக்கும் இரவு, அங்கே வருகிறவர்கள் வேண்டுதலோடு வருகிறவர்கள்.

கடைசியாக விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் விஷயங்கள். 'புதையலில் எடுத்தது, பழங்காலப் பானை' என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு, நிஜமாக இருந்தால் பெருவின் சட்டப்படி அதை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம். பழைய பாணியில் செய்த நல்ல நகல் ஓவியமோ பாண்டமோ வாங்கினால், அது நகல்தான் என்று கலாச்சார அமைச்சகம் தரும் சான்றிதழை வாங்கித் தரச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள். அப்புறம், உயரத்துக்கு நல்லது என்று எல்லா ஹோட்டலிலும் கொடுக்கும் கோக்கா இலை டீயை அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள், இலையையோ டீ பையையோ பெட்டியில் வைக்காதீர்கள், இந்தியாவில் கோக்கா இலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.