நுரையை நம்பிக் கெடும் சலவை இயந்திரங்கள்

சென்ற மாதம் பினாங்குத் தீவின் குளுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. திருமணமாகி இரண்டு மாதமே ஆன இளம் தம்பதியர். வாங்கி ஆறு வாரம்கூட ஆகாத முன்கதவுச் சலவை இயந்திரம், துணி பிழியும் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது என்றார்கள். தூள் போடும் இழுப்பறையை வெளியே இழுத்துப் பார்த்தேன். கரையாத நீலத் தூள் ஈரத்தில் கட்டிப்பட்டு, மூலைகளில் ஒரு விரல் தடிமனுக்கு அப்பிக் கிடந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு இயந்திரத்தின் இழுப்பறை இருந்த அதே கோலம். அந்த இயந்திரம் பாழானதுதான் நான் சலவை இயந்திரம் பழுது பார்க்கும் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே காரணம் என்பதால், பார்த்துவிட்டுப் பேசாமல் வர மனம் இடம் தரவில்லை.

சட்டைப் பையைச் சோதிக்காமல் போடுவது, சாயம் போகும் துணியை வெள்ளைத் துணியோடு சேர்ப்பது போன்றவற்றை எல்லா வீட்டிலும் அம்மாக்களே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிட்டு, இயந்திரத்தைக் கெடுக்கும் மற்றத் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நுரைக்காகத் தூளை அள்ளிப் போடுவது

“நுரையே வரலேன்னா அழுக்கு எப்படிண்ணே போகும்?” என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்விதான். தோட்டத்து வீடுகளில் கல்லில் அடித்துத் துவைத்த நம் பாட்டிமாருக்கு, நுரை நின்றால்தான் சவர்க்காரம் போதும் என்று பொருள். அந்தக் கணக்கு முன்கதவு இயந்திரத்துக்குப் பொருந்தாது. அது துணியைத் தூக்கி மேலிருந்து விழவைத்து, அந்த மோதலில் அழுக்கைப் பிரிக்கிறது. உள்ளே நுரை மெத்தைபோல் நிரம்பிவிட்டால் துணி மோதாமல் மெத்தென்று இறங்கும். அழுக்கு அப்படியே இருக்கும். நுரையைப் பம்பால் நீரைப் போல இறைக்கவும் முடியாது. பிழியும் கட்டத்தில் இயந்திரம் நின்றதற்குக் காரணம் அதுதான். பழுது ஒன்றும் இல்லை.

இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் பங்குண்டு. பினாங்கின் குழாய்நீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மீதம் அணைகளிலிருந்தும் மலையோடைகளிலிருந்தும் வருகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீர் அது. மென்னீரில் சிறிதளவு தூளே நிறைய நுரைக்கும். தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள், கூடுதல் தூள் போடச் சொல்லியும், உப்புப் படிவை நீக்கும் மருந்தை மாதந்தோறும் ஊற்றச் சொல்லியும் காணொளி போடுகிறார்கள். அவர்கள் தண்ணீருக்கு அது சரி. அதை ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் உட்கார்ந்துகொண்டு பின்பற்றுவதில் பொருளில்லை.

நுரையோடு முடிந்துவிட்டால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். என் வீட்டு இயந்திரம் ஐந்தாம் ஆண்டில், பிழியும்போது கல் பாதையில் ஏறிய லாரியைப் போல் கடகடக்கத் தொடங்கியது. பேரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். பழுது பார்க்க வந்த பெரியவர் பின்பக்கம் முழுவதையும் பிரித்து, டிரம்மைத் தாங்கும் மூன்று கைகள் கொண்ட அலுமினிய வார்ப்பைக் காட்டினார். தொழிலில் அதை ஸ்பைடர் என்போம். ஒரு கை முறிந்து தொங்கியது. மற்றக் கைகளை அவர் திருப்புளி முனையால் சுரண்டியபோது, பழைய சுவரின் சுண்ணாம்பைப் போலச் சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன்மேல் பூசினாற்போல் ஒரு வழவழப்பு இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். என் வீட்டுச் சலவைத் தூளின் மணம்.

நடந்தது இதுதான். டிரம் துருப்பிடிக்காத எஃகு, தாங்கியோ அலுமினியம். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்புக் கரைந்த ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கப்படும். சலவைத் தூளின் காரமும் அலுமினியத்துக்கு ஆகாது. அளவாகப் போட்டால் அலசும் நீரோடு எல்லாம் வெளியேறிவிடும். அள்ளிப் போட்டால், கண்ணுக்குத் தெரியாத டிரம்மின் முதுகில் அழுக்கெண்ணெயோடு சேர்ந்து பசையாகப் படிந்து, நாள்தோறும் ஈரத்தை வைத்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும். துவைத்த துணியில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டுவதும், காய்ந்த துண்டில் புளித்த வாடை அடிப்பதும் அந்தப் பசையால்தான். இப்போது வரும் பல இயந்திரங்களில் வெளித்தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியே அனுப்புகிறார்கள். தாங்கி முறிந்தால் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். எனக்குச் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது இயந்திரமே வாங்கிவிடலாம் என்ற நிலையில், பழையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இன்றும் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. இயந்திரத்தை விற்பவரும், வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்துபவரும் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. தூள் விற்பவர்களோ கையளவு பெரிய கரண்டியைப் பொட்டலத்துக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். மக்கள் அதைக் குவித்து அள்ளுகிறார்கள். மூவாயிரம் ரிங்கிட் இயந்திரத்தை, சில காசே பெறும் கூடுதல் தூள் கொன்றுவிடுகிறது.

எட்டுக் கிலோ இயந்திரத்தில் அன்றாடத் துணிக்கு, குறைவாக நுரைக்கும் தூளில் இரண்டு மேசைக்கரண்டி போடுகிறேன். சமையல் எண்ணெயும் மசாலாவும் பட்ட துணியென்றால் மூன்று. உங்கள் வீட்டில் எவ்வளவு மிச்சம் தங்கியிருக்கிறது என்று அறிய, துவைத்துக் காய்ந்த நான்கு துண்டுகளைத் தூளே போடாமல் வெந்நீரில் ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கதவுக் கண்ணாடி வழியே பாருங்கள். நுரை மிதந்தால் அது முன்பு போட்ட தூள். நுரை அடங்கும்வரை அப்படியே ஓட்டுங்கள். பிறகு மாதம் ஒருமுறை துணியில்லாமல் 60 பாகைக்குக் குறையாத வெந்நீரில் ஒரு சுற்று விட்டால் போதும். ஒன்று மட்டும் கவனம்: வினிகரையும் குளோரின் வெளுப்பானையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கழிவுநீர்க் குழாயைத் தரையில் போட்டுவிடுவது

நம் அடுக்குமாடிகளின் பின்பக்க யார்டில் தரையிலேயே வடிகால் துளை இருப்பதால், குழாயை நேராக அதில் செருகிவிடுகிறார்கள். பம்பால் நீரை இறைக்கும் இயந்திரத்தில் குழாயின் முனை உள்ளிருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே கிடந்தால், நிரம்ப நிரம்ப நீர் தானாகவே வழிந்தோடும் வாய்ப்புண்டு. இயந்திரமும் விடாமல் புதுநீரை இழுத்துக்கொண்டிருக்கும். ஜெலுத்தோங்கில் ஓர் அக்கா, நீர் நிற்கவில்லை என்பதற்காக யாரோ சொன்னதைக் கேட்டு நீர் வால்வையே மாற்றியிருந்தார். நான் குழாயின் வளைவை ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரத்தில் கட்டிவிட்டு வந்தேன், அத்தோடு சரியாயிற்று. பொதுவாகக் கையேடுகள் 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை சொல்லும். முனையைத் துளைக்குள் ஆழமாகத் தள்ளி, காற்றுப் புகாதபடி டேப் சுற்றுவதும் தவறு. பம்பு இல்லாத சில மேல்மூடி இயந்திரங்களுக்கு மாறாகக் குழாய் தாழ்வாகவே இருக்க வேண்டும் என்பதால், கையேட்டைப் பார்த்தபின் கட்டுங்கள்.

போக்குவரத்து போல்ட்டுகள்

வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்க இயந்திரத்தின் பின்புறம் திருகியிருக்கும் போல்ட்டுகள் இவை. ஓட்டும் முன் கழற்றுங்கள். கழற்றியதை எறியாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும்.

அட்டையை மடித்து இயந்திரத்தின் காலுக்கு அடியில் வைப்பது

யார்டின் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். அட்டை நனைந்து நசுங்கும். காலையே திருகி உயர்த்தி, பூட்டு நட்டை இறுக்குங்கள்.

தண்ணீர்த் தடை முடிந்தவுடன் துவைப்பது

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் பணிக்காகப் பினாங்கில் பரவலாக நீர் நிறுத்தப்பட்டபோது, தண்ணீர் திரும்பிய வாரத்தில் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: நீர் ஏறவில்லை, அல்லது வெள்ளைச் சட்டை தேநீர் நிறமாகிவிட்டது. குழாயில் அடங்கிக் கிடந்த வண்டல், நீர் மீண்டும் பாயும்போது கிளம்பி வருகிறது. முதலில் வாளியில் பிடித்து, தெளிந்த பிறகே இயந்திரத்தை ஓட்டுங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால், குழாயை மூடி, இயந்திரத்தின் பின்னால் நீர் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு வலையைக் குறட்டால் மெல்ல இழுத்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேயுங்கள். ஐந்து நிமிட வேலை.

நீட்டிப்புக் கம்பியில் மின்சாரம் எடுப்பது

வேண்டாம். நில இணைப்புள்ள சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

கொக்கியோடு திரைச்சீலையைப் போடுவது

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எனக்குப் பாதி வேலை இதுதான். திரைச்சீலையின் நெகிழிக் கொக்கி ஒன்று கழன்றாலும் பம்பின் விசிறியில் சிக்கிக்கொள்ளும். நீர் வடியாமல் உள்ளே நிற்கும், கதவும் திறக்காது. முன்பக்கம் கீழ் மூலையில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் வடிகட்டி இருக்கும். அவசரப்பட்டு அதைத் திருகினால் தேங்கிய நீர் முழுவதும் சமையலறைக்குள் பாயும். அருகில் சிறு குழாய் இருந்தால் அதன் வழியே தட்டையான பாத்திரத்தில் முதலில் வடித்துவிட்டுத் திருகுங்கள்.

மழைக்கோட்டையும் நீர்புகா மெத்தை உறையையும் பிழியவிடுவது

இதைச் செய்யவே செய்யாதீர்கள். நீர் ஊடுருவாத துணி, பிழியும் வேகத்தில் பை போலாகி நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது திடீரென்று ஒரு பக்கம் சரியும்போது ஏற்படும் எடை வேறுபாட்டில் இயந்திரமே எகிறி விழக்கூடும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் மழைக்கோட்டைக் கையால் அலசி, குளியலறைக் கொடியில் தொங்கவிடுங்கள்.