வேரைப் பார்த்துக் கடலைச் செடியைத் தெரிவு செய்வது எப்படி?

கடலை என்றதும் கச்சானை நினைக்க வேண்டாம். சுண்டலுக்கு அவிக்கும் கொண்டைக்கடலையைத்தான் சொல்கிறேன். திருகோணமலையில் இதைப் பயிரிடுவோர் அரிது. ஆனாலும் வீட்டுத்தோட்டத்தில் நாலு வரிசை போட்டாலே வேரில் முடிச்சு மிகுந்த செடியைத் தெரிவு செய்யும் இந்த வேலையைப் பழகிவிடலாம். முடிச்சு என்பது, பற்றீரியா குடியிருந்து காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கித் தரும் சிறு உருண்டை. ஒரே இனத்து விதையாக இருந்தாலும் ஒரு செடியின் வேரில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்; பக்கத்துச் செடியில் நாலைந்துதான் இருக்கும். ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இப்படித்தான் முடிச்சு மிகுந்த செடிகளையும், முடிச்சே விடாதவற்றையும் பிரித்தெடுத்தார்கள்.

முதலில் விதைப்பு. கடலைக்கு வெக்கையும் ஆகாது, தேங்கிய நீரும் ஆகாது. பெரும்போக மழை தணிந்ததும் விதையுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். மண்ணில் நைதரசன் தாராளமாக இருந்தால் எல்லாச் செடியும் முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். எது நல்லது என்று தெரியாது.

கௌபிக்கு முடிச்சு விடவைக்கும் பற்றீரியா வேறு, கடலைக்குரியது வேறு. கடலையே காணாத மண்ணில் அது இல்லாமல் போகலாம். கடலைக்கென்றே தயாரித்த ரைசோபியப் பொடியை (அந்தப் பற்றீரியா கலந்த பொடியை) ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். பொடி கிடைக்காவிட்டால் கௌபியில் பழகலாம். அதற்கேற்ற பற்றீரியா பெரும்பாலும் நம் மண்ணிலேயே உண்டு.

ஆறாவது வாரம், பூக்கும் தறுவாயில், வேரைப் பாருங்கள். கையால் பிடுங்காதீர்கள். முதல்முறை நான் பிடுங்கினேன். முடிச்செல்லாம் மண்ணுக்குள் தங்கிவிட, நல்ல செடிகளையே மோசமானவை என்று ஒதுக்கினேன். மாலையில் பாத்தியை நனைத்து, செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மண் தானே கரைந்து விழும். ஒரேயொரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நம் குருதியின் நிறப்பொருளுக்கு உறவான ஒன்றே அந்த நிறத்தைத் தருகிறது. பச்சை என்றால் ஓய்ந்துவிட்டது. வெள்ளை என்றால் இன்னும் முற்றவில்லை, அல்லது பயனில்லாதது.

முடிச்சின் அளவையும் தொகையையும் பார்த்து 1 முதல் 5 வரை புள்ளியிடுங்கள். 5 வாங்கிய செடியை உடனே ஈரமண் நிரப்பிய சாடியில் நட்டு, எண் கட்டி, சில நாள் நிழலில் வையுங்கள். வாடும், பெரும்பாலும் பிழைக்கும்.

விதையைச் செடிவாரியாகத் தனித்தனிப் போத்தலில் சேமியுங்கள். கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், ஆகவே பிள்ளை தாயைப் போலவே வரும். ஆனால் தாய் நின்ற இடம் மட்டும் நல்ல இடமாக இருந்திருக்கலாம். அடுத்த போகத்தில் ஒரு தாய்க்கு ஒரு வரிசை விதைத்து, வரிசைக்கு ஐந்து செடியாவது தோண்டிப் பாருங்கள். ஐந்திலும் முடிச்சு நிறைந்த வரிசையை வைத்துக்கொண்டு, அதன் விளைச்சலையும் நிறுத்துப் பாருங்கள். முடிச்சு மிகுந்தும் காய் குறைந்த செடிகள் உண்டு.