வாய் கோணாத பொம்மையை விடுங்கள், நடிக்க ஓர் ஆளைப் பிடியுங்கள்: பக்கவாத ஒத்திகை நடத்துவது எப்படி

கேஷுவாலிட்டியில் யாரைக் கேட்டாலும் பக்கவாதம் பற்றிச் சரியாகத்தான் சொல்வார்கள். நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அதற்கு முன் சிடி ஸ்கேன், அதற்கும் முன் சுகர். பரீட்சை வைத்தால் முழு மார்க். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் நிஜமாகவே வாய் கோணி ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கும்போது, சிடி ரூமுக்கு யார் போன் போடுவது, கூட வந்தவரிடம் யார் பேசுவது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே பத்து நிமிஷம் போய்விடும். அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடிக்கத்தான் இந்த ஒத்திகை.

பொம்மையை வைத்துச் செய்யலாமே என்பார்கள். நெஞ்சை அமுக்கிப் பழக பொம்மை நல்லது. பக்கவாதத்தில் வாய் கோண வேண்டும், கை தாழ வேண்டும், பேச்சு குழற வேண்டும், அதெல்லாம் ஆளால்தான் முடியும். 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பேரோஸ் என்பவர் ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து மாணவர்களைப் பரிசோதிக்கச் சொன்னார், இந்த முறையே அப்படித்தான் தொடங்கியது. அவர் நரம்பியல் டாக்டர் என்பதில் ஆச்சரியமில்லை.

நடிக்க யாரைப் பிடிப்பது? உங்கள் வார்டிலேயே தினமும் பார்க்கும் முகம் வேண்டாம், சிரிப்பு வந்துவிடும். பிசியோதெரபி ஆட்கள் கிடைத்தால் விடாதீர்கள், செயலிழந்த கை எப்படி விழும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலது பக்கம் விழுந்த கேஸில் தொடங்குங்கள். சிரிக்கச் சொன்னால் இடது உதடு மட்டும் ஏற வேண்டும், ஆனால் புருவத்தைத் தூக்கச் சொன்னால் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்க வேண்டும். எங்கள் முதல் ஒத்திகையில் நடித்தவர் ஆர்வக்கோளாறில் நெற்றியையும் அசைக்காமல் வைத்திருக்க, டியூட்டி டாக்டர் இது பக்கவாதமில்லை, முக நரம்பு மட்டும் செயலிழக்கும் பெல்ஸ் பால்ஸி என்று சொல்லி, கண்ணுக்கு மருந்து எழுதி ஓபிக்கு அனுப்பிவிட்டார். தப்பு எங்கள் மேல்தான். கைகளை நீட்டச் சொன்னால் வலது கை பத்து விநாடிக்குள் மெல்லத் தாழ வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. பேனாவைக் காட்டிக் கேட்டால் "அது... அது..." என்று தவித்தால் போதும். கண்ணாடி முன் அரை மணி நேரம் பழகினாலே வந்துவிடும்.

பிபியையும் சுகரையும் யாராலும் நடிக்க முடியாது, அதற்குச் சீட்டு எழுதி வையுங்கள். கேட்டவுடன் நீட்டிவிடாமல், கையில் பட்டையைக் கட்டிய பிறகுதான் பிபி சீட்டைக் கொடுக்க வேண்டும். நான் 196/108 என்று எழுதுவேன். 185/110-க்குக் கீழே இறக்காமல் ஊசி போடக் கூடாது என்பது வாயால் எல்லாருக்கும் தெரியும், அந்த அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது என்பதுதான் கேள்வி. இன்னொரு நாள் சுகர் சீட்டில் 38 என்று எழுதிப் பாருங்கள், சுகர் இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே தெரியும்.

இனி முக்கியமான ஆள், கூட வந்தவர். நோயாளி வேஷத்தைவிட இவருக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், தானாக எதையும் சொல்லக் கூடாது. "எப்ப ஆச்சு?" என்று கேட்டால், "இப்பத்தான் சார், ஒன்பது மணிக்குப் பார்த்தேன், வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு." இதைக் கேட்டு ஒன்பது மணி என்று எழுதினால் போச்சு. அது பார்த்த நேரம், ஆன நேரம் இல்லை. "கடைசியா எப்ப நல்லா பேசினார்?" என்று யாராவது கேட்டால்தான், ராத்திரி பத்து மணிக்குப் பால் குடித்துவிட்டுப் படுத்தது வெளியே வரும். பதினோரு மணி நேரக் கணக்கு வந்துவிட்டால் முடிவே வேறு. அதே மாதிரி மஞ்சப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கட்டும், வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை. பையைத் திறந்து பார்க்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நடுவில் அவர் ஒரு டம்ளர் காபியை நோயாளி வாயில் ஊற்றப் போகட்டும். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் எதுவும் கொடுக்காதீங்க என்று தடுக்க ஓர் ஆள் வேண்டுமே.

கடிகாரம் வாசலில் ஸ்ட்ரெச்சர் நுழைந்ததுமே ஓட ஆரம்பிக்க வேண்டும். வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் டாக்டர் பார்த்தது, சிடிக்கு போன் போனது, மேஜையில் படுத்தது, மருந்து கலந்தது என்று எல்லா நேரத்தையும் குறிக்கட்டும். 25 நிமிஷத்தில் சிடி, 60 நிமிஷத்தில் ஊசி என்பது பழைய அளவு. ஹெல்சிங்கியில் 2011-லேயே ஊசி நேரத்தை 20 நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸிலிருந்தே தகவல் வாங்கி, ஊசியை சிடி மேஜையிலேயே போட்டுச் சாதித்தது அது. மருந்துக் கணக்கையும் நிஜமாகவே போட வைக்க வேண்டும். 62 கிலோ என்றால் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் 55.8 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிஷத்தில், மிச்சம் ஒரு மணி நேரத்தில். எடை தெரியாது என்று கூட வந்தவர் சொல்லட்டும், என்ன செய்கிறார்கள் பார்ப்போம்.

சில விஷயங்களில் விளையாட்டு கூடாது. நடிப்பவர் கையில் ஊசி குத்தாமல், ஊசி போட்டுப் பழகக் கைமேல் கட்டும் ரப்பர் பட்டையில் குத்துங்கள், சிடி மேஜையில் படுத்து எழுந்தால் போதும், படம் எடுக்க வேண்டாம். மருந்துப் புட்டியில் சலைன்தான், "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக ஒட்டியிருக்க வேண்டும். நடிப்பவருக்கு நிஜமாகவே தலை சுற்றினால் சொல்ல ஒரு வார்த்தையை முன்பே பேசி வையுங்கள். வார்டு நிரம்பி வழிகிற நாளில் ஒத்திகையைத் தள்ளிப்போடுங்கள்.

முடிந்த கையோடு உட்கார்ந்து பேச வேண்டும், டீ வரட்டும். முதலில் நோயாளியாக நடித்தவர் பேசட்டும். "பேச முடியாமல் கிடந்தேன், அத்தனை பேர் சுற்றி நின்றும் என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் என்கிட்ட சொல்லல" என்று ஒருவர் சொன்னபோது எங்கள் சீனியர் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் நேரச் சீட்டை எடுங்கள். யார் தப்பு என்று தேடாமல், சிடிக்கு போன் போனது ஏன் பதினாலாவது நிமிஷம் என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், சுவரில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் நம்பர் மாறி ரொம்ப நாளாகிவிட்டது என்பது. எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

நைட் ஷிஃப்ட்டுக்கும் இதையே ஒருமுறை நடத்திவிட்டு, அடுத்த மாதம் பக்கத்தை மாற்றுங்கள். இடது கை கால் விழுந்தவர் தெளிவாகப் பேசுவார், இடது பக்கம் நிற்பவரைக் கண்டுகொள்ளவே மாட்டார், எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போறேன் என்று அடம்பிடிப்பார். அவரைக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்களா என்று பாருங்கள்.