பொன்னாடைக்கு முன்னால்: பொறியாளர் விருதுகளில் நாம் செய்யும் தவறுகள்

செப்டம்பர் 15, விஸ்வேஸ்வரய்யா பிறந்தநாள், பொறியாளர் தினம். அதற்குப் பத்து நாள் முன்னால் கல்லூரிகளிலும் பொறியாளர் சங்கங்களிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும்: "இந்த வருஷம் யாருக்கு அவார்டு?" மண்டபம் பிடித்தாயிற்று, சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார், கேடயத்துக்கும் சொல்லியாயிற்று. பெயர் மட்டும்தான் பாக்கி. நான் உட்கார்ந்திருந்த ஒரு தேர்வுக் குழுவில், டீ ஆறுவதற்குள் மூன்று பெயர்கள் முடிவாகிவிட்டன. மூவருமே எங்கள் போனில் ஏற்கெனவே நம்பர் இருந்தவர்கள்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. விழா ஒரு சாயங்கால வேலை. ஆளைத் தேடுவது ஆறு மாத வேலை. தேடாவிட்டால் விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். நல்ல பொறியாளர்கள் பலரிடம் இரண்டு பக்க பயோடேட்டா கேட்டுப் பாருங்கள், "நாளைக்கு அனுப்புறேன் சார்" என்று மூன்று மாதம் ஓட்டுவார்கள். ஐ-டிரிபிள்-ஈ (IEEE) என்ற உலக மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பின் பதக்கங்களுக்கு யாரும் தன் பெயரைத் தானே பரிந்துரைக்க முடியாது. அந்த விதி எனக்குப் பிடிக்கும். யாரோ ஒருவர் இன்னொருவரின் வேலையை உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

படித்ததை எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "அர்ப்பணிப்பு மிக்கவர், எளிமையானவர், மாணவர்களின் இதயத்தில் இடம்பிடித்தவர்." இந்த வரியில் பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "குடிநீர் நிலையத்தில் பம்ப்பின் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம், அடிக்கடி அரித்துப்போனது. மற்றவர்கள் புது இம்பெல்லர் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் உறிஞ்சு குழாயின் உயரத்தை அளந்து, அது அதிகம் என்று கண்டு, பம்ப்பை ஆறடி கீழே இறக்கி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு இம்பெல்லர் மாற்ற வேண்டியிருக்கவில்லை." இது எடுத்துக்காட்டுக்காக நான் கற்பனை செய்ததுதான். ஆனால் என்ன சிக்கல், மற்றவர்கள் என்ன செய்தார்கள், இவர் என்ன செய்தார், பிறகு என்ன ஆயிற்று, நான்கும் இதில் இருக்கின்றன. குழுவில் அந்தத் துறையே தெரியாதவர் இருந்தால்கூட அவருக்குப் புரியும். அடைமொழிகளை அடித்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவதுதான் பரிந்துரை.

அப்புறம், வேலை யாருடையது என்ற கேள்வி. இதில் பெரிய இடங்களே சறுக்கியிருக்கின்றன. 1970களின் கடைசியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் இருந்த லின் கான்வேயும் கால்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் கார்வர் மீடும் சேர்ந்து சிப் வடிவமைப்பை எளிய விதிகளாக மாற்றினார்கள். கான்வே 1978ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதை ஒரு பாடமாகவே நடத்தினார். மாணவர்கள் தாங்களே சிப் வடிவமைத்தார்கள். பாடம் முடிந்து சில வாரங்களில் அந்தச் சிப்கள் தயாராகி அவர்கள் கைக்கே வந்தன. இருவரும் எழுதிய பாடநூல் 1980ல் வெளியானது. 1981ல் ஒரு மின்னணு இதழ் இருவருக்கும் சேர்த்தே விருது கொடுத்தது. அப்படியிருந்தும், 2009ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் மீடின் பெயர் மட்டும் ஏறியது. கான்வேயின் பெயர் அங்கே ஏறியது 2023ல். பதினான்கு வருஷம். மறு வருஷமே அவர் காலமானார்.

இத்தனைக்கும் ஆவணங்கள் எதுவும் தொலைந்துபோகவில்லை. புத்தக அட்டையிலேயே இரண்டு பெயர்கள் இருந்தன. நம் ஊரில் இது இன்னும் சுலபமாக நடக்கும். தலைமைப் பொறியாளருக்கு மாலை விழும், தளத்தில் நின்ற உதவிப் பொறியாளரின் பெயர் அழைப்பிதழில்கூட இருக்காது. "இதில் இவர் செய்த பகுதி எது, கூட வேலை செய்தவர்கள் யார்?" என்று படிவத்திலேயே ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். அதை நிரப்பத் தயங்கும் விண்ணப்பத்தை இரண்டு முறை பாருங்கள்.

தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. ஒருங்கிணைந்த மின்சுற்றை, அதாவது சிப்பை, ஜாக் கில்பியும் ராபர்ட் நாய்ஸும் தனித்தனியாக உருவாக்கியது 1958–59ல். அமெரிக்கப் பொறியியல் அகாதெமி தன் முதல் டிரேப்பர் பரிசை, 1989ஆம் ஆண்டுக்கானதை, இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது. நாய்ஸ் 1990 ஜூனில் இறந்துவிட்டார். நோபல் வந்தபோது வருஷம் 2000, அதை வாங்க கில்பி மட்டும்தான் இருந்தார். "அவர் ரிட்டயர் ஆகட்டும், வாழ்நாள் சாதனையாளர் விருதாகக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கான விருதில் வேறு மாதிரிக் குழப்பம். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகள் எத்தனை, தேர்ச்சி சதவீதம் எவ்வளவு, புராஜெக்ட் நிதி எத்தனை லட்சம் என்று எண்ணிவிட்டு "சிறந்த ஆசிரியர்" என்று கொடுத்துவிடுகிறோம். கட்டுரைக்கு விருது கொடுப்பதில் தப்பே இல்லை, ஆனால் அதற்கு ஆய்வாளர் விருது என்று பெயர் வையுங்கள். கற்பிப்பதைப் பார்க்க வேண்டுமானால் அவர் போட்ட கேள்வித்தாளை வாங்கிப் பாருங்கள், லேபில் அவர் மாற்றியமைத்த ஒரு சோதனையைப் பாருங்கள், ஐந்து வருஷம் முன்பு படித்துப் போன நாலு பேரிடம் போனில் பேசுங்கள். டிரேப்பர் பரிசு தரும் அதே அமெரிக்க அகாதெமி பொறியியல் கல்விக்குத் தரும் பெர்னார்ட் கார்டன் பரிசில், தொகையில் பாதி ஆசிரியருக்குப் போகும், மீதி பாதி அந்தக் கல்விமுறையை மேலும் வளர்க்க அவருடைய நிறுவனத்துக்குப் போகும். நாமோ கேடயம் கொடுத்த கையோடு, அவர் பழைய ஆசிலாஸ்கோப்போடு மல்லுக்கட்டும் லேபுக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

காசு கட்டி வாங்கும் விருது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தவும்" என்று மெயில் வந்தால் அது ரசீது, விருது இல்லை. கல்லூரியின் தரத்தைச் சோதிக்க அங்கீகாரக் குழு வரும்போது கோப்பில் காட்டலாம் என்று ஆசிரியர்களை இதற்குத் தள்ளும் நிர்வாகங்களும் உண்டு. பாவம், கட்டணமும் பல சமயம் அவர்கள் சம்பளத்திலிருந்தே போகிறது.

மேடையில் ஒன்றே ஒன்று. விருந்தினர்களின் பேச்சைக் குறைத்து, விருது பெறுபவர் என்ன செய்தார் என்பதை ஒரு நிமிஷம் நிறுத்தி வாசியுங்கள். எங்கள் விழாவில் பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் போனது. பாராட்டுரைக்கு நேரமில்லை என்று தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டோம்.

அச்சுக்குப் போகும் முன் பெயரையும் இனிஷியலையும் அவரிடமே ஒரு தடவை காட்டிவிடுங்கள். எங்கள் கேடயம் ஒன்றில் 'எஸ்' என்பது 'எம்' ஆகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். புதுசு செய்து வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று மேடையிலேயே சொன்னோம். இன்னும் அனுப்பவில்லை.