தசம எண் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

0.45, 0.8 இரண்டில் எது பெரியது? ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 0.45 என்று சொல்லச் சில பிள்ளைகளாவது இருப்பார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது: 45, எட்டைவிடப் பெரியது. முழு எண்களில் இலக்கம் கூடினால் எண் பெரிது என்றுதானே இத்தனை வருடம் படித்தார்கள்?

இதற்கு நேரெதிராக யோசிக்கும் பிள்ளைகளும் உண்டு. பத்தில் ஒரு பங்கு பெரியது, நூறில் ஒரு பங்கு சின்னது என்று நாம் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரிது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இவர்கள் 0.8 பெரியது என்று சரியாகவே சொல்வார்கள். நாமும் புரிந்துவிட்டது என்று நகர்ந்துவிடுவோம். அதே பிள்ளையிடம் 0.3, 0.45 இரண்டையும் கொடுத்தால் 0.3 பெரியது என்று பதில் வரும்.

அதனால் கேள்விக்கு எந்த எண்களைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 0.45, 0.72 போல இலக்க எண்ணிக்கை சமமாக இருக்கும் ஜோடிகளையே கொடுத்துக்கொண்டிருந்தால், தப்பாக யோசிப்பவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். 0.8, 0.45 ஒரு கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும், 0.3, 0.45 மற்றதை. கூடவே 0.6, 0.06 ஒரு ஜோடி, 0.5, 0.50 ஒரு ஜோடி வைத்தால் போதும்.

அடுத்தது வாசிப்பு. 3.45ஐ ‘மூன்று புள்ளி நாற்பத்தைந்து’ என்று ஆசிரியரே வாசித்தால், புள்ளிக்கு அந்தப் பக்கம் இன்னொரு முழு எண் உட்கார்ந்திருப்பதாகத்தான் பிள்ளைக்குத் தோன்றும். ‘மூன்று புள்ளி நான்கு ஐந்து’ என்று வாசிக்கப் பழக்குங்கள். அதோடு நிறுத்தாமல், பத்தில் நான்கு பங்கு, நூறில் ஐந்து பங்கு, சேர்த்தால் நூறில் 45 பங்கு என்றும் சொல்ல வையுங்கள். எழுதும்போது வரும் சிக்கலும் இங்கேதான் பிடிபடும்: ‘மூன்றும் நூறில் ஏழு பங்கும்’ என்றால் பலர் 3.7 என்று எழுதுவார்கள். 3.07 எழுத, பத்தில் ஒன்றின் இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு கிராஃப் தாள் போதும். 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்து அதை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. அகலப் பட்டை 0.1. ஒரு செ.மீ. கட்டம் 0.01. அந்தக் கட்டத்துக்குள் ஒரு மி.மீ. அகலக் கீற்று 0.001. எட்டுப் பட்டைக்கு ஒரு நிறம், நான்கு பட்டையும் ஐந்து கட்டமும் சேர்த்து இன்னொரு நிறம் என்று அடித்துப் பார்த்த பிள்ளையிடம், 0.8 பெரிதா 0.45 பெரிதா என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ரூபாய், காசை வைத்துத்தான் பலரும் தொடங்குகிறோம். 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011லேயே செல்லாமல் போய்விட்டன. இன்றைய பிள்ளைக்குக் காசு என்பதே கேள்விப்பட்ட சங்கதி. தவிர, 7.5 ரூபாய் என்றால் ஏழு ரூபாய் ஐந்து காசு என்று எழுதும் பழக்கமும் இதிலிருந்தே வருகிறது. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு இதைவிட நல்ல உதாரணம். அதில் 0.250 என்று வந்தால் கால் கிலோ, 0.500 என்று வந்தால் அரைக் கிலோ. 0.5 கிலோவும் 0.250 கிலோவும் எதிரெதிரே வந்தால், 250 பெரிது என்ற வாதம் கடையில் எடுபடாது.

புள்ளி வைத்ததெல்லாம் தசம எண் இல்லை என்பதையும் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும், அதாவது நாலரை ஓவர். தசமத்தில் அது 4.5. உயரம் 5.10 அடி என்று எழுதுவோம். அது ஐந்தடி பத்து அங்குலம், 5.9 அடி என்று எழுதும் ஆளைவிட ஓர் அங்குலம் அதிகம். தசம எண்ணாகப் பார்த்தால் 5.10 சின்னது! 0.8, 0.9க்கு அப்புறம் 0.10 என்று பிள்ளை எழுதுவதில் என்ன ஆச்சரியம்? நூறில் ஒன்று எவ்வளவு சின்னது, ஆனாலும் எவ்வளவு பெரியது என்று காட்ட விளையாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார், மூன்றாவதாக வந்தவர் 55.41. ஓட்டத்தில் சின்ன எண்தான் ஜெயிக்கும் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் சேர் என்ற பழைய விதி இங்கே செல்லாது; 3.5ஐப் பத்தால் பெருக்கி 3.50 என்று எழுதி வைப்பார்கள்.

கடைசியாக, கடைசியில் சைபர் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கி ஒப்பிடும் குறுக்குவழி. தப்பில்லைதான். ஆனால் எட்டுப் பட்டையும் எண்பது கட்டமும் ஒன்றே என்று தெரியாத பிள்ளைக்கு அதை முதலிலேயே கொடுத்துவிட்டால், விடை சரியாக வரும், எண் புரியாது. சோதிக்க ஒரு கேள்வி போதும்: 0.4க்கும் 0.5க்கும் நடுவில் ஓர் எண் சொல். ‘நடுவில் ஒன்றுமே இல்லையே’ என்று பதில் வந்தால், குறுக்குவழியை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு பட்டைக்கு நிறம் அடித்தபின் ஐந்தாவது பட்டைக்குள் ஒவ்வொரு கட்டமாக நிறம் அடிக்கச் சொல்லுங்கள்.