காரின் பழைய வரைபடம்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காரில் நிறுவனமே பொருத்திக் கொடுத்த நேவிகேஷன் திரை இருந்து, அதை ஒருமுறையும் புதுப்பிக்கவில்லை என்றால், கோவை அவினாசி சாலையை அதில் பெரிதாக்கிப் பாருங்கள். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலம் அங்கே இருக்காது. 2023-இல் திறந்த மதுரை நத்தம் சாலை மேம்பாலமும், சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகள் இப்போது புறப்படும் கிளாம்பாக்கம் நிலையமும் இருக்காது. புதிய பாலத்தின் மேல் கார் ஓடிக்கொண்டிருக்க, திரையில் உள்ள அம்புக்குறி கீழ்ச்சாலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த சிக்னலில் இடதுபுறம் திரும்பச் சொல்லும். இதில் கருவியின் பிழை ஏதும் இல்லை. கார் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் உதவியால் அது சரியாகவே கணிக்கிறது, அந்த இடத்தைப் பொருத்திப் பார்க்கும் வரைபடம்தான் பழையது.

காசு செலவழிக்கும் முன் காரில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். திரையின் அமைப்புகளுக்குள் சென்றால் மென்பொருளின் பதிப்பும் வரைபடத்தின் பதிப்பும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நிறுவனத்தின் இணையதளமும் சர்வீஸ் சென்டரும் முதலில் கேட்பது அதைத்தான். மாருதியின் முதல் தலைமுறை ஸ்மார்ட்ப்ளே திரைகளைப் போல வரைபடம் எஸ்.டி. கார்டில் இருக்கலாம், திரையின் உள் நினைவகத்தில் இருந்து பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கப்படலாம், காருக்கென்றே சிம் உள்ள புதிய மாடல்களில் தானாகவே இறங்கலாம். தேதி ஏறத்தாழ இருபது ஆண்டு பின்தங்கிக் காட்டினால் அது வரைபடச் சிக்கல் அல்ல. ஜி.பி.எஸ். தன் வாரக் கணக்கை 1024 வாரத்துக்கு, அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு, ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று அவ்வாறு தொடங்கியதைச் சில பழைய கருவிகள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதற்குத் தேவைப்படுவது மென்பொருள் புதுப்பிப்பு.

வரைபடத்துக்கு விலை சொல்லும்போது, அந்தப் பதிப்பு எந்த ஆண்டு வரையிலான சாலைகளைக் கொண்டது என்று கேளுங்கள். வெளியான ஆண்டும் தகவல் திரட்டிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் முதல் சில ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருகின்றன, சில கடைசிவரை விலைக்கே விற்கின்றன, சில பழைய மாடல்களுக்குப் புதுப்பிப்பையே நிறுத்திவிட்டன. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நகல் எஸ்.டி. கார்டுகளை நம்ப வேண்டாம். பல கார்களில் வரைபடம் மூல கார்டின் அடையாள எண்ணோடு பூட்டப்பட்டிருப்பதால், கோப்புகள் அனைத்தையும் வேறு கார்டுக்கு மாற்றினாலும் திரை அதை ஏற்காது.

நீங்களே பென் டிரைவில் ஏற்றுவதாக இருந்தால், நிறுவனம் சொன்ன வடிவத்தில், பெரும்பாலும் எஃப்.ஏ.டி.32 அல்லது எக்ஸ்ஃபேட்டில், அதை ஃபார்மட் செய்து, இறக்கிய கோப்பைக் கணினியிலேயே விரித்து, வேறெந்தக் கோப்பும் இல்லாமல் பதியுங்கள். ஏற்றம் முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரம் எஞ்சினை அணைத்து வைத்துத் திரையை மட்டும் ஓட்டினால் பேட்டரி இறங்கி, புதுப்பிப்பு பாதியில் நின்று, திரையே திறக்காமல் போகக்கூடும். ஆகவே எஞ்சினை ஓடவிடுங்கள். ஆனால் மூடிய கராஜில் ஒருபோதும் வேண்டாம், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். நடுவே திரை இருண்டு மீண்டும் வருவது இயல்புதான், அப்போது பதற்றத்தில் பென் டிரைவைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இவ்வளவும் தேவையா என்றால், உங்கள் காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே இருக்கும்பட்சத்தில் தேவையில்லை என்பதே என் கருத்து. கைப்பேசியைக் கேபிளில் இணைத்தால் கூகுள் மேப்ஸோ, மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸோ அதே திரையில் வந்துவிடும். நெரிசலும் தெரியும், வரைபடத்துக்குத் தனிக் கட்டணமும் இல்லை. 2024 முதல் கூகுள் மேப்ஸ் இந்திய நகரங்கள் பலவற்றில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்பதையும் சொல்கிறது. கைப்பேசியின் பலவீனம் சிக்னல். வால்பாறை, கொல்லிமலை போன்ற பக்கம் போவதானால் வீட்டு வைஃபையிலேயே அந்தப் பகுதியின் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். காரின் பழைய வரைபடத்தையும் அழித்துவிட வேண்டாம். மலைச்சாலைகள் அடிக்கடி மாறுவதில்லை, தவிர நிறுவனப் பொருத்தத்தில் வரும் பல கருவிகள் சக்கர வேகத்தையும் திசை உணரியையும் கொண்டு கணக்கிடுவதால் சுரங்கப்பாதையில் கைப்பேசியைவிட நிதானமாக வழி காட்டும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ இல்லாத காருக்குப் புதிய ஆண்ட்ராய்டு திரை பொருத்தலாம். ஆனால் வயரை வெட்டி ஒட்டும் கடையில் காரை விடாதீர்கள். வயரை வெட்டாமலே செருகி இணைக்கும், உங்கள் மாடலுக்குரிய கப்ளர் உள்ளதா, ஸ்டியரிங் பட்டன்களும் ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்யுமா என்று முன்பே கேட்டு, பில்லும் வாங்குங்கள். வாரண்டி முடியாத காரில் வயர் வெட்டப்பட்டிருந்தால், பின்னால் வரும் மின்பழுதுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். ஏ.சி. கட்டுப்பாடும் திரைக்குள்ளேயே இருக்கும் காரில் இந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது.

மிகச் சிக்கனமான வழி கைப்பேசித் தாங்கிதான். சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் மாட்டிய கைப்பேசி சூடேறித் திரை மங்கி, சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவிடும் என்பதால், அதை ஏ.சி. காற்று படும் இடத்தில், கண் சாலையை விட்டு அதிகம் விலகாத உயரத்தில் பொருத்துங்கள். 2020 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைப்பேசியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆகவே போகுமிடத்தை வண்டி கிளம்பும் முன்பே பதிந்துவிட்டு, குரல் வழிகாட்டலை ஒலிக்க விடுங்கள். நடுவில் மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும், தனியாகப் போனால் ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள்.