போர்ட்ஃபோலியோ காட்டப் போகிறீர்களா?

வடிவமைப்பு மாணவர்களுக்கான வேலைவாய்ப்புப் பயிலரங்குகளில், உங்கள் படைப்புகளைப் பார்க்க ஒருவர் ஒதுக்குவது பெரும்பாலும் கால் மணி நேரம்தான். இருபது வேலைகளை அதற்குள் திணிக்காதீர்கள், ஐந்தாறு போதும். மிகச் சிறந்தது முதலில் வரட்டும்.

முடிந்த போஸ்டரை மட்டும் காட்டினால் பேச்சு ‘நன்றாக இருக்கிறது’ என்பதோடு நின்றுவிடும். கைவிட்ட பென்சில் வரைவுகள் இரண்டைப் பக்கத்தில் வையுங்கள். ‘இதை ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்பார்கள். உங்கள் யோசனை தெரிவது அங்கேதான்.

தமிழ் எழுத்துருவில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மூலக் கோப்பை வேறொருவர் கணினியில் திறக்கும்போது அந்த எழுத்துரு அங்கே இல்லையென்றால் தொலைந்தது. என் லோகோவில் ‘கொ’ பிய்ந்து கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாக நின்றது. பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாகப் பென் டிரைவிலும் கைப்பேசியிலும் வைத்திருங்கள். அரங்கின் வைஃபையை நம்பவே வேண்டாம்.

அங்கிருந்து கிளம்பும் முன், பார்த்தவரிடம் ‘இதில் எதை எடுத்துவிடலாம்?’ என்று கேளுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு யாரும் உண்மையைச் சொல்வதில்லை.